பன்றிப் பண்ணைக்கு நலச் சான்று: புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது?

பன்றி வளர்ப்பவர் யாரிடமும் "உங்கள் பண்ணையில் நோய் ஏதும் இல்லையே?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "இல்லை" என்பார். "சரி, அதை எப்படிக் காட்டுவீர்கள்?" என்று அடுத்ததாகக் கேட்டால்தான் திணறுவார். நலச் சான்றுத் திட்டங்கள் எல்லாம் இந்த இரண்டாவது கேள்விக்காகவே பிறந்தவை. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பண்ணைக்காரரே விரும்பிச் சேர்கிறார், சில விதிகளை ஏற்கிறார், அவற்றைப் பின்பற்றுவதை எழுத்தில் காட்டுகிறார்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் நடக்கும் 'ஸ்வைன் ஹெல்த் இம்ப்ரூவ்மென்ட் பிளான்'. அங்கே சுருக்கமாக 'ஷிப்' என்கிறார்கள். 2021இல் அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் இதன் முதல் பிரதிநிதிகள் கூட்டம் நடந்தது. இப்போது 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில் இருக்கின்றன. ஆண்டுதோறும் மாநிலப் பிரதிநிதிகள் கூடி, விதிகளை விவாதித்து, வாக்களித்து ஏற்கிறார்கள். அதில் பன்றி வளர்ப்பவர்களும் உண்டு. ஆக, மேலிருந்து மட்டும் வந்து விழும் சட்டம் அல்ல இது.

இதற்கு முன்மாதிரி கோழி. 1935இல் அமெரிக்கக் கோழித் தொழிலில் இதேபோன்ற ஒரு விருப்பத் திட்டம் வந்தது. புல்லோரம் என்ற பாக்டீரியா நோய் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கி, பொரிப்பகத்தில் மற்றக் குஞ்சுகளுக்கும் பரவி, கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. (அதிலும் வெள்ளையாகக் கழியும். ஆனால் நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பது வைரஸால் வரும் ராணிக்கெட். இது வேறு.) தாய்க்கோழிகளைப் பரிசோதித்து, தேறிய பொரிப்பகங்களுக்குச் சான்று கொடுத்தார்கள். சேர்வது அவரவர் விருப்பம்தான். ஆனால் குஞ்சு வாங்குபவர் சான்று கேட்கத் தொடங்கிவிட்டால் விருப்பத்துக்கு அங்கே என்ன வேலை? பன்றித் தொழிலும் இப்போது அந்தப் பாதையில்தான் போகிறது.

சான்று எதைச் சொல்கிறது?

ஷிப் கொடுக்கும் முதன்மைச் சான்றின் பெயர் 'ஏ.எஸ்.எஃப்-சி.எஸ்.எஃப் மானிட்டர்ட்'. முதலாவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இரண்டாவது வழக்கமான பன்றிக் காய்ச்சல். இரண்டும் வெவ்வேறு வைரஸ்கள். 2009இல் மனிதர்களைப் பிடித்த எச்1என்1 காய்ச்சலையும் நாம் பன்றிக் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இவை இரண்டும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. அமெரிக்கா அதை 1978இல் ஒழித்தேவிட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. வீரியமான வகை வந்தால் கொட்டகையில் உள்ளதில் பெரும்பாலானவை போய்விடும். 2018 ஆகஸ்டில் சீனாவில் தெரியவந்து, 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் உறுதியாகி, 2021இல் டொமினிக்கன் குடியரசு வரை போனது அதுதான். அமெரிக்காவுக்குள் இன்னும் நுழையவில்லை.

சான்றில் உள்ள சொல் 'மானிட்டர்ட்' என்பதைக் கவனியுங்கள். கண்காணிப்பில் இருக்கிறது என்றுதான் பொருள், நோயற்றது என்று அல்ல. இது தெரியாமல் சான்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து போடுபவர்கள் இருக்கிறார்கள்.

நோய் வராத நாட்டில் இப்போதே ஏன் இந்தப் பாடு? காரணம் பன்றிப் பண்ணையின் கணக்கு. பெரிய பண்ணையில் வாரந்தோறும் தாய்ப்பன்றிகள் ஈனும். சுமார் மூன்று வாரத்தில் குட்டிகளைப் பால் மறக்கச் செய்து அடுத்த கொட்டகைக்கு மாற்றுவார்கள். வளர்ந்தது வெளியே போனால்தான் பின்னால் வருவதற்கு இடம். அமெரிக்காவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டால், குறைந்தது 72 மணி நேரம் நாடு முழுக்கப் பன்றி நகர்வை நிறுத்துவது அரசின் திட்டம். மூன்று நாளைச் சமாளித்துவிடலாம். அதன் பிறகு எந்தப் பண்ணை நகரலாம் என்று முடிவெடுக்கும்போது, விவரங்களை ஏற்கெனவே ஒழுங்காக வைத்திருப்பவருக்குத்தான் பேச வாய் இருக்கும்.

முதலில் எண், பிறகு ஆள்

முதல் வேலை, மனை எண் வாங்குவது. அமெரிக்காவில் மாநிலக் கால்நடை நல அலுவலகத்தில் கேட்டால் எழுத்தும் இலக்கமும் கலந்த ஏழு இட எண் ஒன்று கொடுப்பார்கள். அது உரிமையாளருக்கான எண் அல்ல, பன்றி நிற்கும் இடத்துக்கான எண். இரண்டு இடத்தில் கொட்டகை இருந்தால் இரண்டு எண். புதியவர்கள் இங்கேயே சறுக்குகிறார்கள்: பண்ணை ஒரு பக்கம் இருக்க, தபால் வரும் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். நோய் வரும் நாளில் அதிகாரி வரைபடத்தில் வட்டம் போடும்போது உங்கள் பன்றிகள் ஊருக்குள் நிற்பதாகக் காட்டும். நம் நாட்டில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் 12 இலக்கக் காது வில்லை விலங்குக்கான அடையாளம். இது நிலத்துக்கான அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து ஓர் ஆள். உயிரியல் பாதுகாப்புக்கு, அதாவது பண்ணையில் எல்லோரும் 'பயோசெக்யூரிட்டி' என்று சொல்லும் வேலைக்கு, ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். படித்தவரா என்பதைவிட, முதலாளியின் மைத்துனரே வந்தாலும் "குளித்து உடை மாற்றாமல் உள்ளே போகக்கூடாது" என்று சொல்லும் துணிவு உள்ளவரா என்று பாருங்கள். அப்படிச் சொன்ன பிறகு முதலாளி அவரைத் திட்டாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

வரைபடமும் இரண்டு கோடுகளும்

செயற்கைக்கோள் படத்தில் உங்கள் பண்ணையை எடுத்துப் பெரிதாக அச்சிடுங்கள். அதன் மேல் இரண்டு கோடு போட வேண்டும். வெளிக்கோடு, பண்ணைக் கட்டடங்களைச் சுற்றிய எல்லை. வெளி வண்டிகள் இதற்கு வெளியே நிற்கும். உள்ளே விட்டாக வேண்டிய வண்டி, ஒரே வாசலில், கழுவிய பிறகு நுழையும். உள்கோடு, பன்றிகள் இருக்கும் கொட்டகையின் சுவரை ஒட்டியது. அமெரிக்காவில் இதைப் பிரிப்புக் கோடு என்பார்கள். இதைத் தாண்டும் ஒவ்வொரு செருப்பும் வாளியும் பன்றியும் தீவன மூட்டையும் கணக்கில் வர வேண்டும். தீவனத் தொட்டி, செத்த பன்றி போடும் இடம், வண்டி கழுவும் இடம், ஆள் நுழையும் வாசல், பன்றி ஏற்றும் மேடை எல்லாவற்றையும் படத்தில் குறியுங்கள்.

படம் வரைந்ததும் கையில் சுண்ணாம்புப் பொடியோடு வெளியே வந்து, படத்தில் உள்ள கோட்டைத் தரையில் போட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். கோடு எங்கெல்லாம் அறுகிறது என்று அப்போதுதான் தெரியும். பின்பக்கக் கதவு ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். சாணி வாரும் வழியும் தீவனம் வரும் வழியும் ஒன்றாக இருக்கும். வேலையாள் டீ குடிக்கப் போகும் குறுக்குவழி எந்தப் படத்திலும் இருக்காது.

உள்கோட்டை ஆட்கள் எப்படித் தாண்டுவது? இங்கே டென்மார்க்கிடம் கடன் வாங்கலாம். அங்கே பல பத்தாண்டுகளாக 'எஸ்.பி.எஃப்' என்ற நலச் சான்று முறை நடக்கிறது. குறிப்பிட்ட சில நோய்கள் எந்தெந்தப் பண்ணையில் இல்லை என்பதைப் பட்டியலாகவே வைத்திருப்பார்கள். குட்டி வாங்குபவர் அதைப் பார்த்துத்தான் வாங்குவார். அந்தப் பண்ணைகளின் நுழைவறையில் ஒரு பெஞ்சு குறுக்கே கிடக்கும். பெஞ்சுக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். வெளியிலிருந்து வருபவர் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து செருப்பைக் கழற்ற வேண்டும். காலைத் தரையில் வைக்காமல் அப்படியே உடம்பைத் திருப்பி, அந்தப் பக்கம் கால் போட்டு, கையைக் கழுவி, பண்ணையின் உடையையும் பூட்ஸையும் மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது தலைகீழ். அமெரிக்காவின் பெரிய இனப்பெருக்கப் பண்ணைகளில் இதற்கு மேலே ஒரு குளியலும் உண்டு. உள்ளே போகக் குளியல், வெளியே வரவும் குளியல்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது நமக்குப் பிறவிப் பழக்கம். அதனால் இந்தப் பெஞ்சு நம் வேலையாட்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு மர பெஞ்சும், அளவுக்கு ஏற்ற நான்கு ஜோடி கம் பூட்ஸும் பெரிய செலவும் அல்ல.

வாசலில் பூட்ஸை முக்க மருந்துத் தண்ணீர் நிரப்பி வைக்கும் காலடித் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் முதலில் கட்டுவது அதைத்தான், கடைசியில் பயன்படாமல் போவதும் அதுதான். நான் பார்த்த ஒரு பண்ணையில் தொட்டித் தண்ணீரில் வேப்பிலையும் கோழி இறகும் மிதந்தன. மருந்து எப்போது மாற்றியது என்று கேட்டேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாணி ஒட்டிய பூட்ஸை மருந்துக்குள் முக்கி எடுத்தால் மருந்துதான் கெட்டுப்போகும். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி, அதுவும் போதுமான நேரம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸைக் கொல்ல, உலக விலங்கு நல அமைப்பு சொல்லும் கணக்கில் காஸ்டிக் சோடா ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு என்றால் 30 நிமிடம் வேண்டும். ஒரு நொடி முக்கி எடுப்பது வெறும் சடங்கு. பூட்ஸையே மாற்றிவிடுவது மேல்.

வண்டி, வியாபாரி, செத்த பன்றி

2013இல் அமெரிக்காவுக்குள் பி.இ.டி என்ற பன்றி வயிற்றுப்போக்கு வைரஸ் நுழைந்தது. சில நாட்களே ஆன குட்டிகள் கூட்டமாகச் செத்தன. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 70 லட்சம் போயின என்று மதிப்பிட்டார்கள். இறைச்சிக்கூடத்தில் பன்றியை இறக்கிவிட்டுச் சாணியோடு அடுத்த பண்ணைக்குப் போன லாரிகளுக்கு அந்தப் பரவலில் பெரிய பங்கு இருந்தது. லாரியைக் கழுவி, மருந்து அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். காய்வது என்ற கடைசிப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்றும்போது கோடு மேடையில் இருக்கிறது. ஓட்டுநர் மேடைக்கு மேல் ஏறக்கூடாது, பண்ணையாள் லாரிக்குள் கால் வைக்கக்கூடாது. மேடை தாண்டிய பன்றி திரும்பி வரக்கூடாது. நம் ஊரில் இதைவிடப் பெரிய ஓட்டை வியாபாரி. காலையிலிருந்து நாலு பண்ணை பார்த்துவிட்டு, ஐந்தாவதாக உங்கள் கொட்டகைக்குள் இறங்கி முதுகைத் தட்டி எடை பார்ப்பார். அவரை உள்ளே விடாமல் விற்க வேண்டும் என்றால், விற்கிற பன்றியை வெளிக்கோட்டுக்கு அருகில் ஒரு தனிக் கூண்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். முகம் சுளிப்பார். விலை பிடித்தால் வாங்குவார்.

செத்த பன்றியை அகற்றும் இடம் எல்லையின் ஓரத்தில், அதற்கென்று தனி வழியோடு இருக்கட்டும். அயோவா பக்கம் மரச்சீவலில் புதைத்து மக்கவைப்பது வழக்கம். நம் பக்கம் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள். எதுவானாலும் நாயும் காகமும் காட்டுப்பன்றியும் தொடக்கூடாது.

எச்சில் உணவு

நம் ஊரில் பலர் பன்றி வளர்ப்பில் இறங்குவதே ஹோட்டல் மிச்சம் மலிவாகக் கிடைக்கிறது என்பதால்தான். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் உறைந்த இறைச்சியிலும் உப்புப் போட்ட இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும். 2007இல் ஜார்ஜியா நாட்டின் 'போட்டி' என்ற ஊரின் துறைமுகத்தில் அது ஐரோப்பாவின் கிழக்கு வாசலைத் தட்டியது, கப்பலிலிருந்து இறக்கிய உணவுக் கழிவு வழியாக என்றே கருதப்படுகிறது. சமையலறை மிச்சத்தில் ஒரு துண்டு பன்றிக்கறி போதும்.

இறைச்சி சேர்ந்த எச்சில் உணவு போடும் பண்ணைக்கு ஷிப் சான்றில் இடம் கிடையாது. அமெரிக்கச் சட்டம் அதை முற்றாகத் தடுக்கவில்லை. உரிமம் வாங்கி, 30 நிமிடம் கொதிநிலையில் வேகவைத்துப் போடலாம் என்று 1980இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, அதையும் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. சான்று கேட்பவர் அதைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உடனே நிறுத்த முடியாத நிலை என்றால், குறைந்தது இதைச் செய்யுங்கள். பெரிய கொப்பரையில், அடிவரை கிளறிக்கொண்டே, நன்றாகக் கொதி வந்த பிறகு அரை மணி நேரம். மேலே நுரை பொங்குகிறது என்று இறக்கிவிடாதீர்கள், நடுவில் கட்டி வேகாமல் இருக்கும். பச்சை மிச்சம் கொண்டுவரும் வாளி வேறு, வெந்ததை எடுத்துப் போகும் வாளி வேறு. சிவப்பு, நீலம் என்று நிறம் பிரித்துவிடுங்கள். மணிக்கணக்கில் வேகவைத்துவிட்டு, பச்சை மிச்சம் வந்த அதே வாளியில் மொண்டு ஊற்றினால் விறகுதான் வீண்.

முப்பது நாள் கணக்கு

ஷிப் கேட்கும் இன்னொன்று தடமறிதல். கடந்த 30 நாளில் உங்கள் மனைக்கு வந்த பன்றிகள், போன பன்றிகள் எல்லாவற்றையும் கணினி அட்டவணையாக மாநில அலுவலகத்துக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஆயிரம் பண்ணையின் விவரத்தை ஒன்றாகக் கோத்துப் பார்க்க வேண்டியவருக்குப் படம் எதற்கு உதவும்?

அட்டவணை எளிது: தேதி, எந்த மனை எண்ணிலிருந்து, எந்த மனை எண்ணுக்கு, எத்தனை பன்றி, குட்டியா வளர்ந்ததா தாயா, எந்த வண்டி. அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே ஏற்றுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது கணக்கு அல்ல, கதை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்: நண்பர் ஒருவரை முன்னறிவிப்பு இல்லாமல் போனில் அழைக்கச் சொல்லி, "30 நாள் கணக்கை இப்போது அனுப்பு" என்று கேட்க வையுங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

மாதிரி எடுப்பது

இந்தப் பகுதியில் உங்கள் வேலை குறைவு, கால்நடை மருத்துவர் வேலை அதிகம். ஆனால் நோய் வந்த காலத்தில் ஒவ்வொரு கொட்டகைக்கும் மருத்துவர் ஓட முடியாது. ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மருத்துவரே ஆபத்தாகிவிடுவார். அதனால்தான் அமெரிக்காவில் பண்ணை ஊழியர்களுக்கே முறையாகப் பயிற்சி கொடுத்து, மாதிரி எடுப்பவராகச் சான்று தருகிறார்கள். ரத்தம், தொண்டைச் சதை, மண்ணீரல் எல்லாம் எப்படி எடுப்பது, எப்படிப் பெயர் ஒட்டி ஐஸில் வைத்து அனுப்புவது என்று கற்றுக்கொடுப்பார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. அதிகக் காய்ச்சல், தோல் சிவந்து நீலம் பாய்வது, அடுத்தடுத்து மரணம் என்று கண்டால் நீங்களாக அறுத்துப் பார்க்காதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். விலங்குகளின் தொற்றுநோய்கள் பற்றிய 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் கடமையும்கூட. மாதிரி போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் பண்ணையிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் வரை தொற்று மண்டலம், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு மண்டலம். அந்தப் பயத்தில் நோய்ப் பன்றியை இரவோடு இரவாக விற்றுவிடுபவர்களால்தான் அது அடுத்த தாலுகாவுக்குப் போகிறது.

விண்ணப்பம்

இவ்வளவும் ஆன பிறகு விண்ணப்பம் அரை நாள் வேலை. மனை எண்களின் பட்டியல், உயிரியல் பாதுகாப்பு பற்றிய கேள்வித்தாள், நகர்வுக் கணக்கு. மாநிலத்தின் அதிகாரபூர்வ முகமை பார்த்துச் சான்று தரும். கேள்வித்தாளில் "வண்டியை ஒவ்வொரு முறையும் கழுவுகிறீர்களா?" என்பது போன்ற கேள்விகள் வரும். கழுவவில்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். எந்தப் பண்ணையில் எது நடக்கிறது என்ற உண்மை நிலவரம் தெரிந்தால்தான் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் விதியைச் சரியாக எழுத முடியும். விதிகள் மாறும் என்பதால் அந்தக் கூட்டத்தின் முடிவுகளை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்பவர் இதே வேலைகளைச் சான்றுக்குக் காத்திராமல் தொடங்கலாம். 2022இல் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. மலையடிவாரத்தில் பண்ணை வைத்திருப்பவர் வேலியை இரட்டையாகப் போடுங்கள், நடுவில் இடைவெளி விட்டு. ஒற்றைக் கம்பி வேலியில் காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ளும்.

வரிசையாகச் செய்ய நேரமில்லை என்றால் முதல் வாரத்தில் மூன்றை மட்டும் முடியுங்கள்: நுழைவறையில் பெஞ்சும் பூட்ஸும், நிறம் பிரித்த வாளிகள், நகர்வு அட்டவணை. இரண்டாவது மாதத்தில் புதுப் பன்றிகளுக்கான தனிக் கொட்டகை. வெளியிலிருந்து வாங்கியது எதுவானாலும் 30 நாள் அங்கே நிற்கட்டும், தனி ஆள் பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் மற்றக் கொட்டகை வேலையெல்லாம் முடித்த பிறகு கடைசியாக அங்கே போய், பிறகு வேறெங்கும் நுழையாமல் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.